ஆறு சதவீதம்

குருவைத் தேடிப் போகிறவர்கள் வெறுங்காலோடு போவதாகத்தான் பழைய ஏடுகள் சொல்கின்றன. கோதண்டபாணி நான்கு ஜோடி ஷூக்களோடு போனார். கூடவே ஒரு சைக்கிள், ஒரு நகைத் தராசு, பதினேழு பக்கம் அச்சடித்த ஓர் அட்டவணை.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு வடிவமைக்கிற என்ஜினீயர். குருவுக்கு வயது முப்பத்துமூன்று. பெயர் ஜெபராணி. வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கிராம சுகாதார நர்ஸ். நர்ஸ் என்பதால் எஸ்டேட் முழுக்க அவரை சிஸ்டர் என்று கூப்பிட்டது. கோதண்டபாணியும் அப்படியே கூப்பிட்டார். பதிலுக்கு குரு சீடரை சார் என்று கூப்பிட்டார். மரியாதை இப்படித் தலைகீழாகப் பாய்ந்த குருகுலம் இதற்கு முன் இருந்ததாகத் தகவல் இல்லை.

அவர்களைச் சேர்த்து வைத்தது ஆறுமலை ஓட்டம் என்கிற மலைச் சைக்கிள் பந்தயம். அறுநூற்று நாற்பது கிலோமீட்டர், ஐந்து நாள். வழியில் யாரிடமும் உதவி வாங்கக் கூடாது என்பதுதான் அதன் சட்டம். கடையில் எல்லோருக்கும் கிடைப்பதை வாங்கிச் சாப்பிடலாம். கூட ஓட்டுகிறவரிடம் பஞ்சர் ஒட்டும் பசையைக்கூடக் கேட்கக் கூடாது. ஆள், சைக்கிள், அதில் கட்டிய பை. அவ்வளவுதான்.

ஜெபராணி அதை நான்கு முறை முடித்தவர். கோதண்டபாணி இரண்டு முறை தொடங்கியவர்.

முடிக்காதவர்களுக்கு மூன்று வாய்ப்புதான். அதற்கு மேல் பெயர் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பந்தயத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

அன்று தடுப்பூசி நாள். சுகாதார நிலையத்தின் வாசலில் தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் போட்டிருந்த பெஞ்சின் காலியான பக்கத்தில் கோதண்டபாணி நான்கு ஜோடிகளையும் அடுக்கினார்.

"எது கடிக்காது, சிஸ்டர்? அதை மட்டும் சொல்லிடுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

ஜெபராணி ஒரு குழந்தையின் தொடையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். குழந்தை அலறி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"ஒண்ணொண்ணா சொல்லுங்க சார்."

"இது கார்பன் அடி. பலகை மாதிரி, வளையவே வளையாது. பெடலோட பூட்டிக்கும். மிதிக்கிற சக்தி ஒரு துளி வீணாகாது. இது தண்ணி புகாத ஜோடி. மூணாவது, பெடலுக்கும் ஆகும், நடைக்கும் ஆகும்னு கடைக்காரர் சொன்னார். ரெண்டுக்கும் ஆகும்னு சொன்னதால எனக்குச் சந்தேகம். நாலாவது பழசு, சும்மா ஒப்பிட்டுப் பார்க்க."

"உங்க அட்டவணை என்ன சொல்லுது?"

கோதண்டபாணியின் முகம் மலர்ந்தது. "பந்தயத்துல தொண்ணூத்தி நாலு சதவீதம் ஓட்டறதுங்க. ஆறு சதவீதம்தான் சைக்கிளைத் தள்ளிட்டு நடக்கறது. அதனால கார்பன்தான்."

"போன வருஷம் எங்கே விட்டீங்க?"

"ஏணிமேட்டுல. நானூத்தி முப்பத்தோராவது கிலோமீட்டர்."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அதுவும் ஏணிமேடுதான். நானூத்தி முப்பத்தி நாலு."

அனுபவம் கூடியதில் மூன்று கிலோமீட்டர் குறைந்திருந்தது.

"ஏணிமேட்டுல ஓட்ட முடியுமா சார்?"

"யாராலயும் முடியாதுங்க. பதினோரு கிலோமீட்டரும் பாறைப் படிக்கட்டு மாதிரி. தள்ளணும், இல்லேன்னா தோள்ல தூக்கணும்."

வரிசையில் இருந்த ஒரு பெண் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டே கேட்டாள். "ஓட்ட முடியாத இடத்துக்கு எதுக்குண்ணே சைக்கிளு?"

"அதைத்தாம்மா ரெண்டு வருஷமா யோசிக்கறேன்."

ஜெபராணி அடுத்த குழந்தைக்குப் பஞ்சு நனைத்தார். "அந்த ஆறு சதவீதம் அட்டவணையில எத்தனாவது பக்கம்?"

கோதண்டபாணி பக்கங்களைப் புரட்டினார். விடை தெரிந்தும் ஒருமுறை புரட்டினார்.

"அதைச் சேர்க்கலைங்க சிஸ்டர். அது சைக்கிள் ஓட்டறது இல்லீங்களே."

ஜெபராணி கை கழுவிவிட்டு வந்தார். "கார்பனைப் போட்டுக்கோங்க. சைக்கிளையும் எடுத்துக்கோங்க. நாலு லைன் வீடு பார்க்க வேண்டியிருக்கு."

லைன் வீடுகள் என்கிற தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள் சரிவுக்கு ஒன்றாக இருந்தன. சரிவுகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, பாதைக்கு நடுவே பாறை. பெடலில் பூட்டிக்கொள்வதற்காகக் கார்பன் அடியில் பதித்திருந்த இரும்பு, கல்லில் பட்டு டக் டக் என்றது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "சிஸ்டரு, குதிரை எப்ப வாங்குனீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

இரண்டாவது சரிவில் ஈரப்பாறை வந்தது. கோதண்டபாணி விழுந்தார். அவர் மேல் சைக்கிள் விழுந்தது. ஜெபராணி திரும்பிப் பார்க்கவில்லை. பந்தயத்திலும் பார்க்க மாட்டார் என்பது எழுந்து நின்ற பிறகு புரிந்தது.

நான்காவது லைனில் ஜெபராணி ஒரு கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் பார்த்தார். சீடர் வாசல்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். குதிகாலின் தோல் சாக்ஸோடு வந்தது.

"எவ்வளவு நடந்திருப்போம், சிஸ்டர்?"

"நாலு கிலோமீட்டர்."

அவர் கார்பன் ஜோடியை மீண்டும் அணியவில்லை. சைக்கிளின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு சாக்ஸோடு திரும்பி நடந்தார்.

அடுத்த வாரம் தண்ணீர் புகாத ஜோடியோடு வந்தார். அன்று மழை. வழியில் முழங்கால் ஆழத்துக்கு ஓர் ஓடை. கடந்து ஏறியதும் இரண்டு கால்களிலும் இரண்டு குடம் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

"மேல் வழியா வந்துடுச்சு, சிஸ்டர்."

"வெளியே போச்சா?"

"போகலைங்க."

"தண்ணியை விடாதுன்னு சொன்னீங்க. சொன்ன வேலையைத்தானே செய்யுது."

ஜெபராணி போட்டிருந்தது எஸ்டேட் கடையில் கிடைக்கிற கேன்வாஸ் ஷூ. பாதத்தின் உள்வளைவுப் பக்கம், காய்ச்சிய ஆணியால் சுட்ட இரண்டு ஓட்டைகள். ஓடையைக் கடந்து பத்தடி நடப்பதற்குள் தண்ணீர் அந்த ஓட்டைகள் வழியாகப் பீச்சியடித்துப் போய்விட்டது. கோதண்டபாணி அதை மழையில் நின்றபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் வாரம் அவர் வந்தபோது காலில் அதே எஸ்டேட் கடைக் கேன்வாஸ். அதே நிறம். உள்வளைவில் இரண்டு ஓட்டைகள், நான்கு மில்லிமீட்டர், துளை போடும் இயந்திரத்தில் வைத்துத் துல்லியமாகப் போட்டவை. குருவைப் பின்பற்றுவதில் எந்தச் சீடனும் தன்னை மிஞ்ச முடியாது என்ற நிறைவோடு அவர் காலை நீட்டினார்.

ஜெபராணி குனிந்து பார்த்தார்.

"நல்லா இருக்கு. இது என் காலுக்கு. உங்க கால் எங்கே?"

"உள்ளேதான் இருக்குதுங்க."

"ஒரு லைன் நடந்துட்டு வந்து சொல்லுங்க."

அவருடைய பாதம் அகலமானது, கேன்வாஸ் குறுகலானது. அரை லைனிலேயே சொல்லிவிட்டார்.

"ஷூவெல்லாம் எப்போ வாங்குவீங்க சார்?"

"ஞாயித்துக்கிழமை காலையில. குளிச்சுட்டு, காலை நல்லாத் துடைச்சு, புது சாக்ஸ் போட்டுட்டுப் போவேன். கடை ஏசி. ஒவ்வொண்ணையும் பத்து நிமிஷம் போட்டு நின்னு பார்ப்பேனுங்க."

"பந்தயத்துல மூணாவது நாள் மத்தியானம் உங்க கால் எப்படி இருக்கும்?"

கோதண்டபாணி யோசித்தார். இரண்டு வருடமும் அந்தக் காலை ஜீப்பின் பின்சீட்டில் நீட்டிக்கொண்டு பார்த்தவர் அவர். "வீங்கி, ஊறிப்போய், வேற யாரோட காலோ மாதிரி இருக்குமுங்க."

"அந்த ஆளைக் கூட்டிட்டுப் போய் வாங்குங்க."

அடுத்த சனிக்கிழமை விடியும் முன் கிளம்பினார். மலையெல்லாம் சுற்றினார், மூன்று ஓடைகளில் வேண்டுமென்றே இறங்கினார். சாயங்காலம் பொள்ளாச்சியில் ஒரு கடை வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு நேராக உள்ளே போய் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினார். கடைக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு அளவு பார்த்தார். எட்டாம் நம்பர் கால் ஒன்பதாகியிருந்தது.

அங்கே அவர் வாங்கியது, பெடலுக்கும் ஆகும் நடைக்கும் ஆகும் என்கிற அந்தச் சந்தேகத்துக்குரிய வகைதான். அடி வளைந்தது. இரும்பு உள்ளே புதைந்திருந்தது. முன்பக்கம் அகலம்.

"காலையில போட்டா லூசா இருக்கும் சார்" என்றார் கடைக்காரர், மூக்கைத் தேய்த்துக்கொண்டே.

"இருக்கட்டுங்க. வியாழக்கிழமை சரியாயிடும்."

பந்தயம் செவ்வாய்க்கிழமை தொடங்குவது கடைக்காரருக்குத் தெரியாது.

சீடர் இதைச் சொன்னபோது ஜெபராணி பாராட்டவில்லை. "பையைக் காட்டுங்க" என்றார்.

பை ஒரு தனிக் காவியம். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக வெட்டியிருந்தார். சட்டைக் காலரிலிருந்த துணிச் சீட்டைக்கூடப் பிரித்து எடுத்து, நகைத் தராசில் நிறுத்து, குறித்து வைத்திருந்தார். அதே பையில் பின்விளக்கு மூன்று, டியூப் ஆறு, காற்றடிக்கும் பம்பு இரண்டு.

"ஒரு பம்பு போதாதா?"

"பம்பை நம்பக் கூடாது சிஸ்டர். நானே பம்பு செய்யறவன்."

"ரெண்டு நாள் இந்தப் பையோட ஓட்டுங்க. எதைத் தொடவே இல்லையோ அதை எடுத்து வெச்சுடுங்க."

இரண்டு நாள் கழித்து அவர் ஒரு கையால் பையைத் தூக்கிக் காட்டினார். பாதிக்கு மேல் குறைந்திருந்தது. ஜெபராணி வெளியே தடவிப் பார்த்தார்.

"கட்டுத்துணி, பிளாஸ்டர், கத்தி எல்லாம் எங்கே?"

"தொடலைங்க. எடுத்துட்டேன்."

"விழலையா?"

"விழலைங்க."

"அப்ப சரி. விழுந்ததும் கோயம்புத்தூர் போய் எடுத்துட்டு வந்துடலாம்."

கோதண்டபாணிக்குக் கோபம் வந்தது. இரண்டு மாதத்தில் முதல்முறை. "தொடாததை எடுக்கச் சொன்னது நீங்கதானுங்களே?"

"நான்தான். யோசிக்காம எடுக்கச் சொன்னேனா, சார்?"

அவர் அந்தச் சிறு பொட்டலத்தை நிறுக்காமலே திரும்ப வைத்தார்.

செவ்வாய்க்கிழமை விடியலில் நாற்பத்தொரு பேர் கிளம்பினார்கள். முதல் வளைவிலேயே ஜெபராணி முன்னால் போய்ப் புள்ளியாகி மறைந்தார். கோதண்டபாணி தன் வேகத்தில் ஓட்டினார். முதல் நாள் ஷூ லொடலொட என்றிருந்தது. இரண்டாம் நாள் பொருந்தியது. மழை விட்டு விட்டுப் பெய்தது. பம்பு நன்றாகவே வேலை செய்தது.

வியாழக்கிழமை மத்தியானம் ஏணிமேட்டின் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஒரு டீக்கடை, அதன் முன்னால் ஒரு ஜீப், அதன் பானெட்டின் மேல் அய்யூப். பந்தயத்தை விடுகிறவர்களை ஏற்றிக்கொண்டு போவது அவருடைய ஜீப்தான். கோதண்டபாணியின் சைக்கிளை இரண்டு வருடமும் மேலே ஏற்றிக் கட்டியவர்.

"வாங்க வாங்க சார்! மணி மூணாகப் போகுது, இன்னும் ஆளைக் காணோமேன்னு பார்த்தேன். கயிறுகூட இந்தத் தடவை புதுசு."

"ஒரு டீ குடிச்சுட்டு நடக்கறேன் பாய்."

"குடிங்க. அட, ஷூவும் புதுசா? கல்யாண மாப்பிள்ளை மாதிரி வருஷா வருஷம் புதுசு போட்டுட்டு வர்றீங்க, தாலி கட்டாமத் திரும்பிடறீங்க."

டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். கோதண்டபாணியும் சிரித்தார்.

"வெள்ளைப்பாறை வரைக்கும்தான் வண்டி ஏறும்" என்றார் அய்யூப், இப்போது விளையாட்டில்லாமல். "அங்கே நாலரை வரைக்கும் நிப்பேன். அதைத் தாண்டிட்டா, கால் போனாலும் கை போனாலும் நீங்களாத்தான் அந்தப் பக்கம் இறங்கணும். பார்த்துச் செய்ங்க."

வெள்ளைப்பாறை நான்கு கிலோமீட்டர் மேலே. நானூற்று முப்பத்து நான்காவது கிலோமீட்டர்.

அவர் தள்ளினார். தள்ள முடியாத இடத்தில் தூக்கினார். வளைகிற அடி பாறையைப் பிடித்தது. போன வருடம் விட்ட இடத்தை அடையாளம் தெரியாமலே தாண்டினார். அதன் பிறகுதான் வலது சுண்டுவிரல் பேச ஆரம்பித்தது. மூன்று நாள் நனைந்ததில் ஒன்பதாம் நம்பர் பத்தாக ஆசைப்பட்டது போலிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஷூவின் ஓரத் தையல் விரலை அறுத்தது.

வெள்ளைப்பாறைக்கு வந்தபோது மணி நாலேகால். அய்யூப் ஜீப்பைத் திருப்பி நிறுத்தியிருந்தார். கோதண்டபாணி பாறையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். சுண்டுவிரல் தோலுரிந்து சிவந்திருந்தது.

அப்படியானால் இதுவும் தப்பான ஷூ. கார்பன் தப்பு, தண்ணீர் புகாதது தப்பு, கேன்வாஸ் தப்பு, இதுவும் தப்பு. கடிக்காத ஜோடி ஒன்று உலகில் உண்டு. சிஸ்டர் காலில் இருப்பது அதுதான். தனக்கானதைத் தான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் நான்காவது முறைக்குப் பெயர் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

"கட்டட்டுமா சார்?" அய்யூப் கயிற்றை எடுத்துவிட்டார். கிண்டல் இல்லாமல்தான் கேட்டார்.

கோதண்டபாணி வாயைத் திறப்பதற்குள் கீழே கற்கள் உருண்டன. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஜெபராணி ஏறி வந்தார். கண் உள்ளே போயிருந்தது. நேற்று வழியோரக் கடையில் தின்ற ஏதோ வயிற்றைக் கலக்கி, அரை நாளுக்கு மேல் ஒரு விடுதியில் படுத்துவிட்டாராம். இதைச் சொன்னவர் அய்யூப். ஜெபராணி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், பிளாஸ்க்குல டீ இருக்கு."

"எல்லாருக்கும் விக்கிற டீயா பாய்?"

"இல்ல, வீட்டு டீ."

"அப்ப வேண்டாம்."

அவர் பார்வை கோதண்டபாணியின் விரலில் விழுந்தது. நர்ஸின் கை தானாகவே தன் பையின் பக்கம் போனது. போன கை பாதியில் நின்றது. பிறகு சைக்கிளின் கைப்பிடிக்கே திரும்பியது.

ஜெபராணி எதிர்ப்பாறையில் உட்கார்ந்து தன் ஷூவைக் கழற்றினார்.

கோதண்டபாணி பார்த்தார். குதிகாலில் மூன்று அடுக்கு பிளாஸ்டர். அதன் ஓரங்களில் ரத்தம் உறைந்து கறுத்திருந்தது. பெருவிரலில் நகமே இல்லை. பாதத்தின் அடி முழுவதும் கொப்புளம் உடைந்து காய்ந்து மீண்டும் உடைந்திருந்தது. அந்தக் காலுக்குப் பக்கத்தில் கோதண்டபாணியின் சுண்டுவிரல் சின்னக் குழந்தை.

ஜெபராணி பழைய பிளாஸ்டரைப் பிய்த்தார். முகம் ஒருமுறை கோணியது. துடைத்து, புதிதாக ஒட்டி, சாக்ஸைப் பிழிந்து போட்டு, ஷூவை மாட்டி, லேஸை இறுக்கிக் கட்டினார். எழுந்து சைக்கிளைப் பிடித்தார். மேலே நடந்தார்.

"நாலரை ஆகுது சார்" என்றார் அய்யூப்.

கோதண்டபாணி பையிலிருந்து கத்தியை எடுத்தார். இடது கையால் புது ஷூவைப் பிடித்துக்கொண்டு, சுண்டுவிரல் இருக்கும் இடத்தில் குத்தி, ஒரு வட்டமாக அறுத்தார்.

"ஐயையோ! புதுசு சார்!"

விரலுக்குப் பிளாஸ்டர் சுற்றி ஷூவை மாட்டினார். ஓட்டை வழியாக விரல் வெளியே எட்டிப் பார்த்தது. எழுந்து நின்றார். வலித்தது. ஆனால் தையல் அறுக்கவில்லை.

"அப்ப கயிறு?"

"அடுத்த ஆளுக்கு வெச்சுக்கோங்க பாய்."

ஜீப் கிளம்பிப் போகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. அது நின்ற பிறகு கோதண்டபாணி தன் மூச்சையும் சைக்கிள் சங்கிலியின் சிணுங்கலையும் மட்டும் கேட்டார். நானூற்று முப்பத்தைந்து. அந்தக் கிலோமீட்டரை அவர் இதுவரை பார்த்ததில்லை. மற்றவற்றைப் போலத்தான் இருந்தது, இன்னும் கொஞ்சம் செங்குத்தாக.

அடுத்த திருப்பத்தில் ஜெபராணியை எட்டிப் பிடித்தார்.

"இந்தக் கேன்வாஸைத்தான் எப்பவும் போடறீங்களா, சிஸ்டர்?"

"அஞ்சு தடவையும் இதே ரகம்தான் சார்."

"அஞ்சு தடவையும் கால் இப்படித்தான் ஆகுங்களா?"

பாதை ஒரு பெரிய பாறைக்கு முன்னால் முடிந்து, அதன் உச்சியில் மறுபடி தொடங்கியது. ஜெபராணி சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, முதல் காலை மேலே வைத்தார்.

"இல்ல சார். இந்தத் தடவை கொஞ்சம் பரவாயில்ல."